படிகள் பெருகினால் நூல் பிழைக்கும்: மின்னணுக் காலத்தில் தமிழ் நூலகங்களின் வேலை

1981ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் பழைய இதழ்த் தொகுப்புகளும் அந்தத் தீயில் அழிந்தன. ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அதே நாட்களில் எரிக்கப்பட்டன. இந்தக் கொடுமையைப் பற்றி எழுதுவோர் பலர், யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அங்கே எரிந்துபோனது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த வரலாற்று நூல், 1879இலேயே பிரிட்டோ என்பவரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்துவிட்டது. தமிழிலும் அச்சேறிப் பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே நூலகம் எரிந்தபோதும் நூல் பிழைத்தது. இன்று விரும்புகிறவர் எவரும் அதை எடுத்து வாசிக்க முடியும்.

மீட்கவே முடியாமல் போனவை வேறு. ஒரே ஒரு முறை சில நூறு பிரதிகள் அச்சடிக்கப்பட்ட சிறு பிரசுரங்கள், ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், சில இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகள், யாரோ ஒருவர் தம் கையால் எழுதி நூலகத்திடம் நம்பி ஒப்படைத்த குறிப்பேடுகள் ஆகியவற்றின் பெயர்களைக்கூட இன்று நம்மால் முழுமையாகச் சொல்ல முடியாது. புகழ்பெற்ற நூல்களுக்குப் பல படிகள் இருந்தன. பெயர் தெரியாதவற்றுக்கு அந்த ஒரு படிதான் இருந்தது. நூலகங்கள் மின்னணுக் காலத்தில் பண்பாட்டுச் செல்வத்தை எப்படிக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இந்த வேறுபாட்டைவிடத் தெளிவான தொடக்கம் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு நூலைக் காப்பதும் அதைப் பகிர்வதும் வேறு வேறு வேலைகள் என்று நாம் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். தமிழ் நூல்களின் வரலாற்றைப் பார்த்தால், பகிரப்பட்டவையே பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கின்றன.

பனையோலையின் ஆயுள் குறைவு. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் செல்லுக்கும் பூச்சிக்கும் தப்பி ஓர் ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் இருந்தால் அதுவே பெரிது. அதனால்தான் இன்று சுவடி நூலகங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி கடந்த சில நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. சங்கப் பாடல்கள் ஈராயிரம் ஆண்டைக் கடந்து வந்தது, எந்த ஓலையும் அத்தனை காலம் நின்றதால் அன்று; தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான். அந்தச் சங்கிலி அறுந்த இடங்களில் நூல்கள் மறைந்தன. சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை, ஆகமத்தில் சொல்லியிருப்பதாகக் கூறி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்பதைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் மனம் உடைந்து எழுதியிருக்கிறார். புதிதாகப் படியெடுத்த பிறகே பழையதை அழிக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் கருத்தாக இருந்திருக்க வேண்டும். படியெடுப்பது நின்றுபோய், அழிப்பது மட்டும் சடங்காக எஞ்சியது.

சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். ஓர் ஏட்டில் செல்லரித்த அடி மற்றோர் ஏட்டில் முழுமையாக இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் ஒன்று, யாரோ ஒரு புலவர் வீட்டுப் பரணில் ஒன்று என்று ஏடுகள் சிதறிக் கிடந்தது அவருக்கு அலைச்சலைத் தந்தது உண்மை. ஆனால் அந்தச் சிதறல்தான் நூலை உயிரோடு வைத்திருந்தது. அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் இன்று சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் 1943இல் நிறுவப்பட்ட நூலகத்தில் இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவையும் சேர்ந்தால்தான் இந்தக் களத்தின் அளவு தெரியும். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பு மட்டும் 11,000 சுவடிகளைக் கொண்டது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அச்சு வந்ததும் கவலை தீர்ந்தது என்று தோன்றலாம். உண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பயன்பட்ட மரக்கூழ்க் காகிதம் ஓலையைவிட விரைவாக அழிகிறது. காகிதத்தில் உள்ள அமிலம் அதைத் தானே அரிக்கிறது. ஓரம் பழுப்பேறி, மடித்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது. சென்னைக் குஜிலிக்கடைத் தெருவில் அணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்துகள், நாடக நோட்டீசுகள் ஆகியவை மிக மட்டமான தாளில் அச்சானவை. அவற்றை எந்தக் கல்லூரி நூலகமும் வாங்கி வைக்கவில்லை. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் வாங்கி வைத்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், அறிஞர்கள் மதிக்காத இந்தத் தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடத் தம் வீட்டில் சேர்த்து அடுக்கினார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது; ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மூலங்கள் இங்கே இருக்க, நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபிலிம்) எடுக்கப்பட்டன; பின்னர் மின்னணு வடிவங்களும் வந்தன. மூலம் அதன் மண்ணில் இருக்க வேண்டும், படிகள் உலகெங்கும் போக வேண்டும் என்ற நெறி தமிழில் நடைமுறைக்கு வந்த சிறந்த எடுத்துக்காட்டு அது.

மின்னணு வடிவமாக்கல் என்றால் ஸ்கேனரில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு சுவடிக்கட்டு படமாகும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறும். முதலில் மேலும் கீழும் உள்ள மரச்சட்டங்களைச் சுற்றியிருக்கும் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்கக் கூடாது, நுனி உடைந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லப் பூசினால் காய்ந்த ஓலை சற்றே வளையும் தன்மை பெறும், பூச்சியும் அண்டாது. எழுத்தாணியால் கீறப்பட்ட எழுத்தில் மை மங்கிப்போயிருந்தால், ஓலை வெறுமையாகத் தெரியும். அப்போது விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்து எழுந்து வரும். பிறகு ஒவ்வோர் ஓலையையும் மேலிருந்து நோக்கும் கேமராவின் கீழ், அளவுகோலும் வண்ண அட்டையும் அருகில் வைத்து, முன்னும் பின்னும் படமெடுக்க வேண்டும். ஓலைகள் வரிசை மாறியிருந்தாலும் முதலில் இருந்த வரிசையிலேயே எடுக்க வேண்டும். அந்தக் குழப்பமான வரிசையும் ஒரு சான்று. எந்த நூலின் ஓலை எந்தக் கட்டுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை அது பின்னால் சொல்லக்கூடும்.

இரண்டு கோடியே நாற்பது லட்சம் படப்புள்ளிகள் கொண்ட ஒரு கேமராவில் சுருக்காமல் சேமித்தால் ஒரு படம் ஏறத்தாழ 72 எம்பி வரும். இருநூறு ஓலைக்கு நானூறு படம். ஒரே ஒரு கட்டுக்கு 29 ஜிபி. நாம் இணையத்தில் பார்ப்பது இதிலிருந்து சுருக்கி எடுத்த சிறு வடிவம். பாதுகாக்க வேண்டிய மூலக்கோப்பு அந்தப் பெரியதுதான். அதைச் சேமிக்க இடமில்லை என்று சிறியதை மட்டும் வைத்துக்கொண்ட திட்டங்கள், இன்னொரு முறை அந்த ஓலையை வெளியே எடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓலைக்குச் சேதம்.

படமெடுப்பதைவிட அரிய வேலை விவரப்பட்டியல். சுவடியின் முடிவில் அதைப் பெயர்த்தெழுதியவர் தம் பெயரையும் நாளையும் எழுதி வைப்பதுண்டு. 'விரோதி வருஷம் தை மாதம்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை விரோதி வரும். ஆகவே அது 1769இல் தொடங்கிய ஆண்டா, 1829இல் தொடங்கியதா, 1889இல் தொடங்கியதா என்று தெரியாது. தென்மாவட்டத்துச் சுவடியாக இருந்து, பக்கத்தில் கேரளத்திலும் தென்மாவட்டங்களிலும் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1005 என்று குறித்திருந்தால் சிக்கல் தீர்ந்தது. கொல்லம் ஆண்டோடு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். எனவே அது 1829இல் தொடங்கிய விரோதி, தை மாதம் என்பதால் 1830 ஜனவரி-பிப்ரவரி. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர், புள்ளியில்லாமல் எழுதிய ஏட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், எகர ஏகாரமும் ரகரமும் துணைக்காலும் வேறுபாடின்றி எழுதப்பட்ட வரியில் எது எது என்று இடம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் ஒரு நூலகத்தில் இருந்தால்தான் அந்த 29 ஜிபிக்குப் பொருள் உண்டு. கேமரா வாங்க நிதி ஒதுக்குவோர் இந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். நான் இத்துறையில் காணும் பெரிய குறை இதுதான்.

விவரப்பட்டியல் பிழையானால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய மின்னூலகத் திட்டம் சான்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு, பல இந்திய மொழிகளில் லட்சக்கணக்கான பழைய நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. தமிழ் நூல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில், அவரவர் மனம்போன எழுத்துக்கூட்டலில் பதிவாயின. ஒரே நூலாசிரியர் பல வடிவங்களில் இருந்தார். பல நூல்கள் இருந்தும் இல்லாதவையாயின. பின்னர் அந்தத் தளமே இணையத்திலிருந்து மறைந்தது. நல்வாய்ப்பாக, அதற்கு முன்பே தன்னார்வலர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் படியெடுத்து இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் ஏற்றியிருந்தார்கள். இன்று நாம் தேடி எடுக்கும் பழைய தமிழ் நூல்கள் பல அந்தப் படிகளே. மக்கள் பணத்தில் உருவான ஒரு பெரிய தொகுப்பு, வெளியார் சிலர் படியெடுத்து வைத்ததால் தப்பியது.

பக்கத்தின் படம் இருந்தால் போதாது. எழுத்து தேடக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே தமிழுக்கு என்று தனிச் சிக்கல்கள் இருந்தன. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதி இலவசமாக வழங்கிற்று. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்தவர்கள் ஒருவர் தட்ட, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறை, இருந்தது. முதலில் ஓர் எழுத்துருவிலும் பிறகு திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றத்திலும் வந்த கோப்புகள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு நிலைபெற்றதும் அதற்கு மாற்றப்பட்டன. அப்படி மாற்றிக்கொண்டே வந்ததால்தான் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பாடங்கள் கைபேசியில் திறக்கின்றன. அதே ஆண்டுகளில் பதிப்பகங்கள் பாமினியிலும் வானவில்லிலும் அச்சுக்கோத்த ஆயிரக்கணக்கான நூல்களின் கோப்புகளை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலே தெரியும். மாற்றிகள் உண்டு. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று குறித்து வைத்தால்தான் மாற்றியைப் பயன்படுத்த முடியும்.

பழைய அச்சு நூல்களை, படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி என்ற மென்பொருளைக் கொண்டு படிக்க வைப்பது இப்போது பெருமளவு முன்னேறியிருக்கிறது. எனினும் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லகர, ளகர, னகர, ணகர ஐகாரங்களுக்கு மேலே துதிக்கை வளைந்த வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கீழே சுழித்த வடிவமும் வரும். அவற்றில் கருவி தடுமாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் சொற்கள் புணர்ந்து இடைவெளியின்றி ஓடுவதால், எழுத்து சரியாக வந்தாலும் தேடிய சொல் அகப்படாது. இந்த இரண்டையும் மனிதர்தான் திருத்த வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் அந்த வேலை நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்களின் மின்வடிவங்களை அங்கே வழங்கியது. பக்கம் பக்கமாக ஒருவர் மெய்ப்புப் பார்க்க, மற்றொருவர் சரிபார்க்கிறார். கல்வெட்டுச் சொல்லும் சித்த மருத்துவச் சொல்லும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பணிக்கு வந்தால் அதன் தரம் ஒரு படி உயரும்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். 2005இல் ஈழத்து இளைஞர் சிலர் நூலகம் என்ற பெயரில் ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் எழுத்தை, எந்த ஊரில் எவர் வீட்டில் இருந்தாலும் தேடி ஸ்கேன் செய்து திறந்து வைப்பது அதன் நோக்கம். இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. நூல்களைவிட அங்கே என்னை ஈர்ப்பவை நினைவு மலர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியையை ஒட்டிக் குடும்பத்தார் ஒரு சிறு நூல் அச்சிட்டு வழங்குவார்கள். கல்வெட்டு என்றும் அதைச் சொல்வதுண்டு. தேவாரமும் திருவாசகமும் முன்னால் இருக்கும். பின்னால் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, எந்த ஊரில் பிறந்து எந்தப் பள்ளியில் படித்து எங்கே உத்தியோகம் பார்த்தார் என்ற செய்தி, சில தலைமுறை வம்சாவளி ஆகியவை வரும். பதிவகங்கள் சிதைந்து, மக்கள் இடம்பெயர்ந்து, பலர் கனடாவுக்கும் நார்வேக்கும் போய்விட்ட ஒரு சமூகத்துக்கு இந்த மெல்லிய நூல்கள் ஊரின் வரலாறாகவே ஆகின்றன. ஓர் ஊரைச் சேர்ந்த ஐம்பது மலர்களைச் சேர்த்துப் படித்தால், அந்த ஊரில் எந்தக் காலத்தில் எந்தத் தொழிலுக்குப் போனார்கள், பெண்கள் எப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள், மலாயாவுக்குப் போன குடும்பங்கள் எவை என்பதெல்லாம் கிடைக்கும். எந்தத் தேசிய நூலகமும் இவற்றைத் தேடி வாங்காது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றுள் பெயர் தெரியாமல் போனவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

கோப்பு உருவானதும் வேலை முடிந்தது என்று நினைத்த திட்டங்கள் பல தோற்றிருக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் குறுந்தகடுகளில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தவற்றில் பல இன்று எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகும். அதைவிட ஆபத்தானது ஓசையில்லாமல் நடக்கும் சிதைவு: கோப்பு இருக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே சில துணுக்குகள் மாறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். எண் மாறியிருந்தால் வேறோர் இடத்தில் இருக்கும் படியிலிருந்து மீட்கலாம். வேறோர் இடத்தில் படி இல்லையென்றால், கெட்டுப்போனது என்று தெரிந்துகொள்ள மட்டுமே முடியும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு.

பெரிய நிறுவனத்திடம் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் 2023 அக்டோபர் 28 அன்று ஆட்டம் கண்டது. அன்று பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்புகளைப் பிணைப்பணம் கேட்கும் கும்பல் ஒன்று தாக்கிற்று. நூலகம் பணம் கொடுக்க மறுத்தது. களவு போன 600 ஜிபி அளவுள்ள தரவு இணையத்தில் கொட்டப்பட்டது. நூற்பட்டியல் முதற்கொண்டு பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அங்கே 2004 முதல் இயங்கும் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் பக்கங்களும் நீண்ட காலம் திறக்கவில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் அந்தத் திட்டத்தின் உதவியோடு மின்வடிவமான ஏடுகளும் பழைய அச்சு நூல்களும் அதில் இருந்தன. ஆனால் அந்தத் திட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு விதி உண்டு: மூலம் தன் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, மின்படிகளில் ஒரு தொகுதி உள்ளூர் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். ஆகவே லண்டனில் கதவு மூடியபோதும் அந்த ஆவணங்கள் இல்லாமல் போய்விடவில்லை. அந்த விதியை வகுத்தவர்கள் கணினித் தாக்குதலை எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது பயன்பட்டது.

இனி, சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் அவரது எழுத்துக்கு உரிமை உண்டு. இலங்கையில் 70 ஆண்டுகள். இந்தியச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படியாக உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதி தருகிறது. சேமிக்கலாம் என்பது இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கலாம் என்று ஆகாது. 1970களில் வந்து நின்றுபோன ஒரு சிற்றிதழை எடுத்துக்கொண்டால், எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள், வாரிசுகள் யார், பதிப்பாளருக்கு உரிமை உண்டா என்று எதுவும் தெரியாது. உரிமையாளர் மறுத்ததால் முடங்கும் நூல்களைவிட, கேட்பதற்கு ஆளே இல்லாமல் முடங்கும் நூல்கள் மிகுதி. தமிழ்நாட்டில் இதற்கு வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு வழி பிறந்தது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு பெற்றதிலிருந்து, எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒரு தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமையாக்கும் மரபு வளர்ந்தது. யார் தேர்வாகிறார்கள், தொகை போதுமா என்ற விவாதங்கள் உண்டு. எனினும் தமிழின் திறந்த மின்னூலகங்களில் இருபதாம் நூற்றாண்டு உரைநடை இவ்வளவு இருப்பதற்கு முதன்மையான காரணம் இந்த மரபே.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகள் எழுதிய ஓலைகளில் சாதி அவமதிப்புகளும் குடும்ப வழக்குகளும் பெயரோடு இருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். மருத்துவச் சுவடிகளில் வேறுவிதத் தயக்கம் உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டு, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு சான்றுகளோடு எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு உருவான மரபறிவு மின்னூலகம் சித்த மருத்துவ நூல்களையும் தொகுத்து, அவற்றைக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைத்தது. யாருக்கு எதை எப்போது திறப்பது என்பது அந்த அறிவுக்கு உரியவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் பார்வைக்குத் திறக்காத ஆவணத்துக்கும் இரண்டாம் படி வேண்டும், விவரப்பட்டியலில் அதற்கு ஒரு பதிவு வேண்டும். இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைக் கேட்கவும் முடியாது, காக்கவும் முடியாது.

கடைசியாக, இன்று எழுதப்படுபவை. 1954ஆம் ஆண்டு நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் தம் செலவில் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் அனுப்புவதில்லை. எனினும் சட்டம் இருக்கிறது. அது தாளில் வருவதை எண்ணி எழுதப்பட்டது. பிரிட்டன் 2013இல் இணைய வெளியீடுகளையும் ஒப்படைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, தன் நாட்டு இணையத்தளங்களை நூலகங்கள் சேகரிக்க வழி செய்தது. இங்கே அப்படி ஏற்பாடு இல்லாததால், 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளம் மூடப்பட்டபோது தொடக்ககாலத் தமிழ் வலைப்பக்கங்கள் போனதை எந்த நூலகமும் கணக்கெடுக்கவில்லை. அதன் பிறகு வந்த வலைப்பதிவுகளில் பலவற்றின் முகவரிகள் இப்போது திறப்பதில்லை. ஈழப்போரின் இறுதி ஆண்டுகளைப் பற்றி அந்தந்த நாளில் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அச்சுக்கு வரவே இல்லை.

சட்டம் மாறும்வரை நூலகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வலைப்பதிவை எழுதியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடிருக்கிறார்கள்; தொடர்புகொள்ளக் கூடியவர்கள். மாவட்ட மைய நூலகம் ஒன்று தன் மாவட்டத்து எழுத்தாளர்கள், இணைய இதழ்கள், உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் ஆகியோரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, அவர்கள் பக்கங்களைப் படியெடுத்து, விவரம் குறித்து, ஒரு படியைச் சென்னைக்கும் ஒன்றை மற்றொரு மாவட்ட நூலகத்துக்கும் அனுப்ப இன்றைய கருவிகளே போதும். எழுதியவரிடமே கேட்டுவிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் ஒரே கடிதத்தில் தீரும். அறுபது ஆண்டு கழித்து வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்காது.